பழந்தின்னி வௌவாலையும் ஹம்மிங்பேர்டையும் ஒப்பிடுவது எப்படி?

வௌவால், ஹம்மிங்பேர்ட் என்று பொதுவாக வைத்துக்கொண்டு ஒப்பிட ஆரம்பிக்காதீர்கள். இரண்டிலும் நூற்றுக்கணக்கில் இனங்கள் இருப்பதால் எதை எழுதினாலும் ஒரு விதிவிலக்கு வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓர் இனத்தை எடுங்கள். நம் ஊர் ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டமாகத் தொங்கும் இந்தியப் பழந்தின்னி வௌவால் ஒன்று, வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் இன்னொன்று. (நம் தோட்டத்துச் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு, அது வேறு குடும்பம், படம் தேடும்போது கவனம்.)

பலரும் எடையில் தொடங்குவார்கள். ஒன்று கிலோ கணக்கு, மற்றது 3 கிராம் சொச்சம், சரி, அதற்கு மேல் என்ன எழுதுவது? இறக்கையில் தொடங்குங்கள்.

வௌவாலின் இறக்கை உண்மையில் ஒரு கை. நல்ல படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கட்டைவிரல் கொக்கி நகத்தோடு தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டாம் விரலிலும் ஒரு சின்ன நகம் தெரியும், நீண்ட விரல்களுக்கு இடையே மெல்லிய தோல், விரலை மடக்க மடக்க இறக்கையின் வடிவமே மாறும். ஹம்மிங்பேர்டின் மேல்கை எலும்போ மிகவும் குட்டை. இறக்கை ஏறக்குறைய விறைப்பாகவே இருந்து தோளிலிருந்து திரும்பும், நொடிக்குச் சுமார் 50 தடவை படுத்த 8 வடிவில் அடிக்கும், மேல்வீச்சும் உடலைத் தாங்கும். பூ முன்னால் அசையாமல் நிற்பதும் பின்னோக்கிப் பறப்பதும் இதனால்தான்.

அப்புறம் சாப்பாடு. வௌவால் பழத்தை அண்ணத்தில் அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். ஹம்மிங்பேர்டின் நுனி பிளந்த நாக்கு தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது மூடித் தேனைப் பிடித்துக்கொள்ளும்.

வெயில் ஏறினால் வௌவால் இறக்கையால் விசிறிக்கொள்ளும், ஹம்மிங்பேர்ட் குளிர் இரவில் உடல் வெப்பத்தையே இறக்கிவிட்டு மரத்துப்போனதுபோல் கிடக்கும். இதைக் கட்டாயம் சேருங்கள், என்னைக் கேட்டால் முழு ஒப்பீட்டிலும் அழகான இடம் இதுதான்.

வௌவாலை நேரில் பார்க்கப் பொழுது சாயும் நேரத்தில் போங்கள், பட்டாசோ கல்லோ வேண்டாம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், கூட்டம் கலைந்தால் மீள்வது கஷ்டம். நிபா வைரஸ் இவற்றில் இருக்கக்கூடும் என்பதால் கீழே விழுந்த வௌவாலையும் கடித்துப் போட்ட பழத்தையும் கையால் தொடாதீர்கள். ஹம்மிங்பேர்டுக்கு மெதுவாக ஓடும் வீடியோக்களே போதும்.