கிராஸ் சிலிண்டரைக் கையில் எடுத்தபின் செய்யக்கூடாத தவறுகள்

சென்ற மாதம் ஒரு கண் பரிசோதனை முகாமில், பயிற்சிக்கு வந்திருந்த மூன்று மாணவர்கள் ரிஃப்ராக்ஷன் (கண்ணாடிக்கான அளவு) பார்ப்பதைப் பின்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் ஒளிப்பட்டையை ஓடவிட்டு அளவைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோபி மூவருக்கும் நன்றாகவே கைவந்திருந்தது. ஆனால் பார்வைச் சிதறலுக்கான (astigmatism) சிலிண்டரை, அதாவது ஒரு திசையில் மட்டும் திறன் கொண்ட லென்ஸை, துல்லியப்படுத்துவதற்காக ஜாக்சன் கிராஸ் சிலிண்டரை எடுத்ததும், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்யத் தொடங்கினார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது. வலது கண்ணுக்குரிய லென்ஸை இடது கண்ணில் போடுவது, விரல் ரேகை படிந்த லென்ஸைத் துடைக்காமல் வைப்பது, மைனஸைப் பிளஸ் என்று எழுதுவது ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. ஒருமுறை திட்டு வாங்கினால் அவை தாமாகவே நின்றுவிடும்.

கருவியைப் பற்றி இரண்டு வரி. சம அளவுள்ள ஒரு பிளஸ் சிலிண்டரும் ஒரு மைனஸ் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த லென்ஸ் அது. கைப்பிடி அந்த இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, 45 டிகிரியில் இருக்கும். அதைச் சுழற்றி லென்ஸைத் திருப்பினால் பிளஸும் மைனஸும் இடம் மாறும்; எந்த நிலையில் தெளிவு என்று நோயாளியைக் கேட்கிறோம். சிவப்புப் புள்ளிகள் மைனஸ் சிலிண்டரின் ஆக்சிஸை, அதாவது அச்சின் திசையை, காட்டும். ±0.25, ±0.50 டயாப்டர் (லென்ஸ் திறனின் அலகு) என்ற இரண்டு அளவுகள்தான் நம் மேசையில் பெரும்பாலும் இருக்கும்.

ஆக்சிஸைச் சரிபார்க்காமல் பவரைத் தொடுவது

அமெரிக்கக் கண் மருத்துவர் எட்வர்ட் ஜாக்சன் இந்த லென்ஸைச் சிலிண்டரின் அளவைக் காண்பதற்காக 1887-இல் விவரித்தார். ஆக்சிஸைக் காண்பதற்கு இதைப் பயன்படுத்தும் முறையை 1907-இல்தான் எழுதினார். கருவி பிறந்த வரிசை அது. நாம் பரிசோதிக்கும் வரிசை அதற்கு நேர்மாறானது. ஆக்சிஸ் முதலில், பவர் அதன் பிறகு.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. 2.00 சிலிண்டர் தேவைப்படும் ஒருவருக்கு, உண்மையான ஆக்சிஸிலிருந்து 30 டிகிரி விலகி நின்றுகொண்டு பவரைத் தேடினால், அவர் 1.00 போதும் என்று சொல்லிவிடுவார். 45 டிகிரி விலகி நின்றால் சிலிண்டரே வேண்டாம் என்பார். பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். அந்த ஆக்சிஸில் அவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பார்வை அவ்வளவுதான். மறுபுறம், சரியான பவரைத் தவறான ஆக்சிஸில் வைத்தால் மிஞ்சும் சிதறலையும் கணக்கிடலாம்: 5 டிகிரிப் பிழை சிலிண்டரில் ஏறத்தாழ 17 விழுக்காட்டையும், 10 டிகிரிப் பிழை 35 விழுக்காட்டையும் திருத்தாமல் விட்டுவிடும். 30 டிகிரியில் முழுச் சிலிண்டர் அளவுக்குச் சிதறல் மிஞ்சிவிடும், அதாவது கண்ணாடி போட்டதும் போடாததும் ஒன்றே. ஆகவே 0.50 சிலிண்டருக்கு 5 டிகிரி விலகல் பெரிதில்லை, 3.00 சிலிண்டருக்கு அதே விலகல் அரை டயாப்டரைத் தின்றுவிடும். சிறிய சிலிண்டரில் 10, 15 டிகிரியாகத் துணிந்து திருப்பலாம். பெரிய சிலிண்டரில் 5 டிகிரிக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள்.

90, 180 இரண்டையும் மட்டும் பார்த்துவிட்டுச் சிதறல் இல்லை என்று முடிப்பது

ரெட்டினோஸ்கோபியில் சிலிண்டர் தெரியாதபோது இந்த ஆசை வரும். 45-இல் உள்ள சிதறலை 90-இலும் 180-இலும் வைத்துக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 45, 135 இரண்டையும் கேட்ட பிறகே முடிவு சொல்லுங்கள்.

ஸ்பியரை மறந்துவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், எனக்கு இன்றுவரை எரிச்சலை உண்டாக்குவதும் இந்தத் தவறுதான். ஸ்பியர் என்பது எல்லாத் திசைகளிலும் ஒரே திறனுள்ள லென்ஸ். அதை மறப்பது இரண்டு வேடங்களில் வரும்.

முதல் வேடம், ஃபாக் (கூடுதல் பிளஸால் உண்டாக்கிய மங்கல்) இருக்கும்போதே கிராஸ் சிலிண்டரைத் தொடங்குவது. விசிறிபோல் கோடுகள் விரியும் விசிறி வரைபடத்தைக் கொண்டு சிதறலைக் காணும்போது, கூடுதல் பிளஸ் வைத்துப் பார்வையை மங்கச் செய்துதான் தொடங்குகிறோம். சிதறலுள்ள கண்ணில் ஒளி ஒரே புள்ளியில் சேராமல் முன்னும் பின்னுமாக இரண்டு குவியக் கோடுகளாகச் சேரும்; அந்த இரண்டும் விழித்திரைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதற்காகவும், கண் தன் குவியத் திறனைக் கொண்டு விளையாடக்கூடாது என்பதற்காகவும் அப்படிச் செய்கிறோம். கிராஸ் சிலிண்டருக்கு இதற்கு நேர் எதிரான நிலை வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள மிகக் குறைந்த மங்கலின் வட்டம் விழித்திரையின் மீது அமர்ந்திருக்க வேண்டும். லென்ஸைத் திருப்பும்போது அந்த வட்டம் தன் இடத்தைவிட்டு நகராது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் கூடும் அல்லது குறையும், வட்டம் அதற்கேற்பப் பெரிதாகும் அல்லது சிறிதாகும். நோயாளி ஒப்பிட வேண்டியது அந்த அளவை மட்டுமே.

ஃபாக்கை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். சிதறலே இல்லாத ஒரு கண்ணின் முன் 0.50 பிளஸ் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ±0.25 கிராஸ் சிலிண்டரை வைத்ததும், ஒரு கோடு விழித்திரைக்கு 0.25 டயாப்டர் முன்னாலும் மற்றொன்று 0.75 முன்னாலும் போய் நிற்கும். திருப்பினால் இவ்விரண்டும் இடம் மாறிக்கொள்ளும். வட்டத்தின் அளவில் வேறுபாடு எதுவும் இல்லை, ஆனால் ஒரு நிலையில் நேர்க்கோடுகள் தெளிவாகவும் மற்றொன்றில் கிடைக்கோடுகள் தெளிவாகவும் தெரியும். அட்டையில் நாம் காட்டுவதோ ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகள். அவற்றை அடையாளம் காண நேர்க்கோடுகள் பெரிதும் உதவுகின்றன. எனவே அவர் நேர்க்கோடு தெளிவாக இருக்கும் நிலையையே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுப்பார். நீங்களும் உண்மையில் இல்லாத ஒரு மைனஸ் சிலிண்டரை 90 ஆக்சிஸில் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவீர்கள். 180-இல் உண்மையாகவே சிலிண்டர் உள்ளவராக இருந்தால், அதே காரணத்தால் அவருடைய சிலிண்டர் குறைத்து அளக்கப்படும். ஆகவே கிராஸ் சிலிண்டரை எடுக்கும் முன் ஸ்பியரை மிகச் சிறந்த பார்வைக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு-பச்சை அட்டையில் இரு நிறத்தின் மேலுள்ள எழுத்துகளும் சமமாக, அல்லது பச்சையில் உள்ளவை மிக லேசாகத் தூக்கலாக இருக்கட்டும். இளவயதினருக்கு 0.25 மைனஸ் கூடுதலாக நின்றாலும் பாதகமில்லை, அவர்களுடைய கண்ணே வட்டத்தை முன்னால் இழுத்துக்கொள்ளும். பிளஸ் கூடுதலாக நின்றால் அதைத் தள்ளிவிட எந்தக் கண்ணாலும் முடியாது. எழுத்தும் கூடுமானவரை வட்டமானதாக இருக்கட்டும். புள்ளிக் கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது வேடம், சிலிண்டரை மாற்றிய பின் ஸ்பியரைத் தொடாமல் விடுவது. மைனஸ் சிலிண்டரை 0.50 கூட்டினால் ஸ்பியரில் 0.25 பிளஸ் சேர்க்க வேண்டும், 0.50 குறைத்தால் 0.25 மைனஸ் சேர்க்க வேண்டும். தேர்வுத் தாளில் கேட்டால் எல்லா மாணவர்களும் இதைச் சரியாக எழுதிவிடுவார்கள். இருட்டறையில் ஒருவரும் செய்வதில்லை.

நானும் செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். ரெட்டினோஸ்கோபியில் மைனஸ் 1.00 ஸ்பியரும், 180-இல் மைனஸ் 0.50 சிலிண்டரும் வந்தன. கிராஸ் சிலிண்டரில் அவர் மேலும் மேலும் சிலிண்டர் கேட்டார், நானும் 1.50 வரை ஏற்றினேன். ஒரு டயாப்டர் சிலிண்டர் கூடியதற்கு ஈடாக ஸ்பியரை மைனஸ் 0.50-க்கு இறக்கியிருக்க வேண்டும். நான் மைனஸ் 1.00-ஐ அப்படியே விட்டுவிட்டேன். அவர் இயல்பான பார்வைக்குரிய 6/6 வரிசையைத் தடங்கலின்றிப் படித்தார். அதுதான் என்னை ஏமாற்றியது. அந்த வயதில் அரை டயாப்டர் கூடுதல் மைனஸை விழுங்கிவிட்டுக் கண் சிரமமின்றிப் படித்துவிடும். கணக்கைத் தீர்ப்பது மாலை நேரத்துத் தலைவலிதான்.

பத்து நாளில் திரும்பி வந்தார். கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்று நான் சொல்ல, அவர்கள் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். மறுபடி வந்தபோது லென்ஸின் மையம் தவறியிருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்; கடைக்காரர் தன் செலவில் புது லென்ஸ் போட்டுத் தந்தார். மூன்றாம் முறை அந்த மாணவியுடன் அவருடைய தந்தையும் வந்தார். அன்று என் மூத்தவர் அறையில் இருந்தார். அவர் எதுவும் கேட்காமல், அந்தப் பெண் போட்டிருந்த கண்ணாடியின் மேல் 0.50 பிளஸ் லென்ஸ்கள் இரண்டைப் பிடித்தார். “இப்பதான் சார் கண்ணு லேசா இருக்கு” என்றார் அந்தப் பெண். மூத்தவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கடைக்காரரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முகாமில் ஒரு மாணவரை நிறுத்தி, சிலிண்டர் ஒரு டயாப்டர் கூடியிருக்கிறதே, ஸ்பியர் எங்கே என்று கேட்டேன். “கடைசியில மொத்தமா பார்த்துக்கலாம்னு இருந்தேன் சார்” என்றார். கடைசியில் பார்ப்பது என்ற பேச்சே இங்கே செல்லாது. ஸ்பியர் விலகிய அந்த நொடியிலிருந்து வட்டம் விழித்திரையில் இல்லை. அதற்குப் பிறகு நோயாளி சொன்ன பதில்கள் எல்லாம் தவறான கேள்விக்குச் சொன்ன பதில்கள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவரிடம் இது இன்னும் மோசமாகும், ஏனெனில் பின்னால் போன வட்டத்தை இழுத்து வைக்க அவருடைய கண்ணால் முடியாது. எனவே இரண்டாவது 0.25 சிலிண்டரைப் போடும் அதே கையால் ஸ்பியரையும் மாற்றிவிட்டு, அதன் பிறகு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்ற பதிலுக்கு அஞ்சுவது

இரண்டு நிலைகளும் சமமாகத் தெரிந்தால்தான் அளவு சரி; அந்தப் பதிலைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி” என்று ஒரு பெரியவர் சொன்னதும், தன் மீது தவறோ என்று பதறி, “நல்லாப் பாருங்க ஐயா, ஏதாவது ஒண்ணு நல்லா இருக்குமே” என்று வற்புறுத்திய மாணவரை நான் பார்த்தேன். வற்புறுத்தினால் அவர் மரியாதைக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். தொடக்கத்திலேயே, இரண்டுமே கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், எது குறைவாக மங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என அறிவித்துவிடுங்கள். ஒன்று, இரண்டு என்று திரும்பத் திரும்பக் கேட்காமல் மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணைத் தொடர்ந்துகொண்டே போனால், முன்பு சொன்ன பதிலுடன் ஒத்துப்போக வேண்டுமே என்ற கவலை அவருக்கு இராது. ஒவ்வொரு நிலையையும் இரண்டு மூன்று விநாடிகள் காட்டுங்கள், ஆனால் திருப்புவது சட்டென்று நடக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பார்வை 6/18-க்கும் கீழே உள்ளவரிடம் ±0.25-ஐக் காட்டினால், வேறுபாடு புலப்படாமலேயே ஒன்றுதான் என்பார். அவருக்கு ±0.50-ஐ எடுங்கள்.

ட்ரையல் ஃப்ரேம் சாய்ந்திருப்பது

ஆக்சிஸை 5 டிகிரிக்குள் தேடும் முன், தலையும், லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடும் இந்தச் சோதனை ஃப்ரேமும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆட்டோரிஃப்ராக்டர் தாளை அப்படியே நகலெடுப்பது

கருவி தானாக அளந்து அச்சிட்டுத் தரும் அந்தத் தாள் தொடக்கப் புள்ளி மட்டுமே.

கண்டுபிடித்த சிலிண்டர் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடுவது

குழந்தைகளுக்கு முழுவதையும் கொடுங்கள். பார்வை வளரும் வயது அது. ஐம்பது வயதுவரை சிலிண்டரே போடாத ஒருவருக்கு 2.00 சிலிண்டரைச் சாய்ந்த ஆக்சிஸில் முதல் முறையாகக் கொடுத்தால், தரை ஒருபக்கமாகச் சரிவதாகவும் கதவு நிலை சாய்ந்திருப்பதாகவும் சொல்வார். படிக்கட்டில் கால் தடுக்கவும் கூடும். ட்ரையல் ஃப்ரேமைப் போட்டபடியே அவரை வராந்தாவில் பத்து நிமிடம் நடக்கவிட்டு, படியும் இறங்கச் சொல்லுங்கள். தாங்க முடியவில்லை என்றால் சிலிண்டரைக் குறையுங்கள். குறைக்கும்போது ஸ்பியரையும் அதற்கேற்ப மாற்றுங்கள். (மேலே எழுதியதை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

பதில்கள் தாறுமாறாக வரும்போது நோயாளியைக் குறை சொல்வது

அவர் பதிலின்படி ஆக்சிஸ் ஒரு முறை 30 என்று வரும், அடுத்த முறை 70 என்று வரும், பிறகு எல்லாமே மங்கல் என்பார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதி முடித்துவிடுவது மிக எளிது. நான் முதலில் கண்ணைச் சிமிட்டச் சொல்வேன், ஏனெனில் கண்ணீர்ப் படலம் வறண்டிருந்தால் ஆக்சிஸ் நிலையாக நிற்காது. அடுத்து டார்ச் வெளிச்சத்தில் கருவிழியின் ஓரத்தைப் பார்ப்பேன். மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியின் மேல் ஏறியிருந்தால், அதுவே சீரற்ற சிதறலைக் கொண்டுவந்துவிடும். வெயிலில் வேலை செய்பவர்களிடம் இதை அடிக்கடி காணலாம். மூன்றாவதாக ரெட்டினோஸ்கோப்பை மீண்டும் எடுப்பேன்.

அந்த முகாமிலேயே அப்படி ஒரு பையன் வந்தான். பதினாறு வயது. மூன்று மாணவர்களும் முறை வைத்துக் கிராஸ் சிலிண்டர் பார்த்தும் மூன்று ஆக்சிஸ்கள் கிடைத்தன. எந்த லென்ஸிலும் 6/12-க்கு மேல் படிக்கவில்லை. ஒழுங்காகப் பதில் சொல்லு என்று அவனை அதட்டவும் தொடங்கியிருந்தார்கள். ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தேன். ஒளிப்பட்டை இரண்டாகப் பிரிந்து கத்தரிக்கோலைப் போல் திறந்து மூடியது. கண்ணை அடிக்கடி தேய்ப்பாயா என்று கேட்டதற்கு, அவனுக்கு முன்பாக அவன் தாய் பதில் சொன்னார்: “எப்பப் பாத்தாலும் கசக்கிக்கிட்டேதான் இருப்பான் சார்.” கருவிழி கூம்பாகிக்கொண்டு வரும் கெரட்டோகோனஸாக இருக்கலாம் என்று குறித்து, கருவிழியின் வரைபடம் எடுப்பதற்கு அவனை அனுப்பிவைத்தோம். அவனுடைய சீட்டில் சிலிண்டருக்கான கட்டத்தை அன்று நாங்கள் நிரப்பவில்லை.