புறாமலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன போயா (பௌர்ணமி) விடுமுறையில், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கரையில் நின்றேன். புறாமலைத் தீவுக்குப் போக ஒரு பெரிய குடும்பம் படகுக்குக் காத்திருந்தது. மாமிமார் நிழலில், பிள்ளைகள் தண்ணீரில். ஒருவர் கையில் மிதந்தபடி கடலடியைப் பார்க்கப் போடும் புதிய ஸ்நோர்க்கல் மாஸ்க், உறைகூடப் பிரிக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் நின்ற அதே கோலம். தொப்பி போடு, தண்ணீர் எடு என்பதை எல்லாம் வீட்டில் அம்மாவே சொல்லிவிடுவார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

மார்கழியில் வருவது

காலிப் பக்கம் களைகட்டும் மாதங்களில் எங்கள் கடல் வாடைக் காற்றில் கொந்தளித்துக்கொண்டிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள்.

எல்லாரும் சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருப்பது

இடியப்பத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.

மாஸ்க்கை முதல்முதலாகத் தீவில் வைத்து மாட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர்தான், படகில் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடும். இறங்கியதும் யாருக்கும் பொறுமை இருக்காது. என் அத்தானுக்கும் இருக்கவில்லை. நல்லாக நீந்துவார், ஆனால் மாஸ்க் போட்டது அதுதான் முதல் தடவை. முருகைக்கல்லுக்கு, அதாவது பவளப்பாறைக்கு, மேலே போய்த் தலையைக் கவிழ்த்தார். மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறியது. மூக்கால் மூச்செடுத்தார், புரையேறியது. பதறிய மனிதன் என்ன செய்வான்? கால் ஊன்ற இடம் தேடுவான். அத்தான் ஊன்றியது மான்கொம்பு மாதிரிக் கிளைத்து நின்ற பவளத்தின் மேல். கிளை முறிந்தது, பாதம் கிழிந்தது.

காயம் சின்னதுதான். ஆனால் பவளத் துணுக்கு தசைக்குள் தங்கிவிட்டால் புண் இலகுவில் ஆறாது. உடனேயே நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். நாங்கள் துணியால் கட்டி, "உப்புத் தண்ணிதானே, ஆறிடும்" என்று இருந்துவிட்டோம். மூன்று கிழமை நொண்டினார். அக்கா இன்னும் என்னைத்தான் குறை சொல்கிறா.

முறிந்த கிளையின் கணக்கு வேறு. முருகைக்கல் என்று பேர் இருந்தாலும் அது கல் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. கிளைவிடும் பவளம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பாறை போல இருக்கும் வகைகளுக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிய விஷயம். தீவு 1963இல் சரணாலயம், 2003 முதல் தேசியப் பூங்கா. தெரியாமல் மிதித்தேன் என்றால் முறிந்தது ஒட்டப் போவதில்லை.

அதனால் முதல் நாள் மாலையே, ஹோட்டல் நீச்சல் தடாகத்திலோ அலை அடங்கிய இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரிலோ பழகுங்கள். பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. ஓரத்தில் ஒரு முடி சிக்கினாலே தண்ணீர் கசியும். மீசைக்காரருக்கு இதுதான் சிக்கல்: ஒன்று மூக்கின் கீழே கொஞ்சம் வழிக்க வேண்டும், இல்லை வாஸ்லீன் பூச வேண்டும். அத்தானுடையது பெரிய மீசை. அதை அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. அப்புறம், கண்ணாடி மங்காமல் இருக்க உள்ளே துப்பித் தடவி அலசுங்கள். அருவருப்பாக இருந்தாலும் வேலை செய்யும்.

நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டோடே மிதக்கட்டும். பதறினால் மல்லாந்து படுத்தால் போதும், கால் கீழே போகாது.

சட்டையைக் கழற்றிவிட்டு மிதப்பது

குப்புறக் கிடப்பவருக்கு முதுகு வேகுவது தெரியாது. அன்று இரவுதான் தெரியும். பழைய ரீ-சேட் ஒன்று போதும்.

சுறா என்று கத்துவது

செட்டை நுனி கறுத்த சுறாக்கள் அங்கே உண்டு, அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். அவை ஆட்களைக் கண்டால் விலகுகிற சாதி. நீங்கள் கத்திக் காலடித்தால் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் சுறா போய்விடும், உங்களுக்கு அடியில் பவளமும் போய்விடும்.

திரும்பும் நேரத்தைப் பேசாமல் இறங்குவது

படகுக்காரரின் போன் இலக்கத்தை இரண்டு பேராவது வைத்திருங்கள். எங்களிடம் அது இருந்த ஒரே போன், அத்தானின் நனைந்த களிசான் பொக்கெற்றில்.