விளம்பர ஆக்க வகுப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

விளம்பர ஆக்க வகுப்பில் சேர்ந்தவுடன், படம் வரையும் திறனுள்ள ஒரு மாணவரோடு இணைந்துகொள்ளுங்கள். வாசகம் எழுதுபவரும் வடிவமைப்பவரும் சேர்ந்து சிந்திக்கும் முறையை நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனமே பரவலாக்கியது. அந்நிறுவனம் 1959-இல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு உருவாக்கிய விளம்பரத்தைக் கூர்ந்து பாருங்கள்: பக்கத்தின் பெரும்பகுதி வெற்றிடம், மேல் மூலையில் சின்னஞ்சிறு கார், கீழே இரண்டே சொற்களில் தலைப்பு. குறையாகக் கருதப்பட்ட சிறிய உருவம், அந்தக் காரை வாங்குவதற்கான காரணமாக எப்படி மாறியது என்பதை உங்கள் சொற்களில் எழுதிப் பழகுங்கள். இந்தப் பயிற்சியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். முதலில் தோன்றும் கருத்துகள் பெரும்பாலும் எல்லோருக்கும் தோன்றுபவை என்பதால், அவற்றை ஒதுக்கிவிட்டு மேலும் எழுதுங்கள். வகுப்பில் பிறர் குறை கூறும்போது மறுத்துப் பேசாமல் குறிப்பெடுங்கள். கைவிட்ட வரைவுகளையும் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் படைப்புகளின் தொகுப்பில்) சேமித்தால், நேர்முகத் தேர்வில் உங்கள் சிந்தனை வளர்ந்த விதத்தை எடுத்துக்காட்டலாம்.