தக்காளி விதையை ஐப்பசியில போடாதீங்க

எங்க கடலூர்ல ஐப்பசி அடைமழையில தக்காளி நாற்று விட்டா அழுகல்தான் மிச்சம். ரெண்டு வருஷம் பட்டாச்சு. கார்த்திகைக் கடைசியில விதைச்சு, தையில நடுங்க.

விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். நல்லாப் பழுத்த நாட்டுத் தக்காளி ஒண்ணு போதும். (ஹைபிரிட் பழம் வேண்டாம், செடி தாய் மாதிரி காய்க்காது.) விதையைச் சாறோட டம்ளர்ல பிழிஞ்சு 2 நாள் மூடி வைங்க. மேலே வெள்ளையா ஆடை கட்டும், புளிச்ச வாடை வரும், வீட்டுல திட்டும் விழும். வழவழப்பு கரைஞ்சதும் அலசி, தட்டுல பரப்பி நிழல்ல காய வைங்க. பேப்பர்ல போட்டா ஒட்டிக்கும்.

கண் உள்ள கொட்டாங்குச்சியில கண்ணைக் குத்திவிட்டு, மண்ணும் மண்புழு உரமும் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்துல ஊன்றுங்க. ஒரு வாரத்துல முளைக்கும். 25 நாள் நாற்றைக் கொஞ்சம் ஆழமா நடுங்க. மண்ணுக்குள்ள போன தண்டும் வேர் விடும்.