சேலத்திலிருந்து சப்ளை செயின் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகளாவிய விநியோகச் சங்கிலி மேலாண்மையையும் நிலைத்தன்மையையும் முதுநிலைப் படிப்பாக எடுக்கும் நம் மாணவர்களில் பலர், பாடத்தின் பெயரில் ‘உலகளாவிய’ என்ற சொல்லைப் பார்த்த உடனேயே சேலத்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனம் ஒன்றை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்து, அந்த நிறுவனமே வெளியிட்ட அறிக்கையிலிருந்து எண்களை எடுத்து, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதையே முடிவுரையாகவும் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆத்தூர்ப் பக்கம் போனால் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. சேர்வராயன் மலையில் காபி விளைகிறது. சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகு தயாராகிறது. நேரில் போய்க் கேட்டுச் சரிபார்க்க வழியில்லாத சங்கிலியைத் தேர்வதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பல அதிலிருந்தே கிளைக்கின்றன.

உள்ளூர்ச் சங்கிலியை எடுத்துக்கொள்பவர்களும் ஓரிடத்தில் சறுக்குகிறார்கள். நிலைத்தன்மை என்றால் கார்பன், கார்பன் என்றால் லாரி என்று எண்ணிக்கொண்டு, சேலத்து ஜவ்வரிசியை மகாராஷ்டிரத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் டீசலைக் கணக்கிட்டதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைக் கழுவி, தோல் நீக்கி, அரைத்து, மாவுப்பாலைப் பிரித்து, மாவைப் படியவைக்கும் இந்தத் தொழிலில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் செலவாகிறது. வெளியேறும் கழிவுநீரில் கரிமப் பொருள் மிகுதி. அதைத் திறந்த குட்டையில் தேக்கினால் நாற்றமும் நிலத்தடி நீர்க் கேடும் மட்டுமல்லாமல் மீத்தேனும் எழும், மூடிய கலனில் செரிக்கவைத்தால் அதே மீத்தேன் ஆலைக்கு எரிபொருளாகும். கார்பனை மட்டும் தேடிப் போனவருக்குத் தண்ணீர் கண்ணில் படுவதில்லை என்பது ஒரு குறை. கார்பனையே அவர் தவறான இடத்தில் தேடியிருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய குறை.

இங்கே வகைப்பாட்டுப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. பசுங்குடில் வாயுக் கணக்கிடலில் முதல் வரம்பு ஆலையின் சொந்த உமிழ்வு, இரண்டாவது வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் முதலியவற்றால் நேர்வது, மூன்றாவது சங்கிலியின் மற்ற பகுதிகளில் நேர்வது. ஆகவே கழிவுநீர்க் குட்டையின் மீத்தேன் முதல் வரம்பிலும், வாடகை லாரியின் டீசலும் கிழங்கு வயலுக்கு இட்ட உரத்தின் உமிழ்வும் மூன்றாம் வரம்பிலும் வர வேண்டும். லாரி ஆலையின் சொந்த வண்டியானால் அதன் புகை முதல் வரம்புக்கு மாறிவிடும். வண்டி யாருடையது என்று விசாரிக்காமல் அட்டவணையை நிரப்புபவர்கள்தான் அதிகம்.

ஒரு பொருளின் மூலப்பொருள் முதல் கழிவு வரை நேரும் சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டைச் செய்பவர்கள் திப்பியை மறந்துவிடக் கூடாது. மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாக விற்கப்படுவதால், அது வெறும் கழிவு அன்று, துணைப்பொருள். அப்படியானால் ஆலையின் மொத்தச் சுமையில் எவ்வளவு ஜவ்வரிசிக்கு, எவ்வளவு திப்பிக்கு? எடையின்படிப் பிரித்தால் ஒரு விடையும் விலையின்படிப் பிரித்தால் வேறொரு விடையும் வரும். இந்த மதிப்பீட்டுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044 இதற்கு ஒரு வரிசையையே தந்திருக்கிறது: முடிந்தவரை இப்படிச் சுமையைப் பங்கிடுவதையே தவிர்க்க வேண்டும், முடியாதபோது பௌதிகத் தொடர்பின்படிப் பிரிக்கலாம், அதுவும் இயலாதபோதுதான் விலை போன்ற பிற அளவுகோல்களுக்குப் போகலாம். எந்த முறையை ஏன் கையாண்டோம் என்று இரண்டு வரி எழுதாத மதிப்பீட்டை, எண்கள் எத்தனை தசமப் புள்ளி வரை இருந்தாலும், நான் நம்புவதில்லை.

கோட்பாட்டைப் பொருத்துவதில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. கடைசி வாடிக்கையாளரிடம் எழும் சிறு தேவை மாற்றம், சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, ஆலை என்று மேலே போகப் போகப் பெரிதாகும் ‘சாட்டை விளைவு’ வகுப்பில் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. 1961-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டர் இந்தப் பெருக்கத்தை விளக்கினார். 1997-இல் லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதற்கு நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: முன்கணிப்பை அடிக்கடி திருத்துவது, ஆர்டரைச் சேர்த்துவைத்து மொத்தமாகக் கொடுப்பது, விலை ஏற்ற இறக்கம், பற்றாக்குறைக் காலத்தில் வேண்டியதற்கு மேல் கேட்டுவைப்பது. வடக்கே ஜவ்வரிசி உண்ணும் விரத நாட்கள் நெருங்கும்போது வியாபாரிகள் ஜவ்வரிசியைக் கூடுதலாகக் கேட்டு வைத்தால், அந்த விளைவை அங்கே தேடுவது நியாயம்தான். ஆனால் குச்சிக்கிழங்கு விலை ஒரு ஆண்டு ஏறி மறு ஆண்டு சரிவதற்கும் அதே பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். கிழங்கு விளைய ஏறத்தாழ பத்து மாதம் ஆகிறது. விலை நன்றாக இருந்த ஆண்டைப் பார்த்துப் பலரும் நடுகிறார்கள். அறுவடையின்போது வரத்து மிகுந்து விலை விழுகிறது. அதைக் கண்டு நடவைக் குறைக்கிறார்கள். மீண்டும் விலை ஏறுகிறது. இதற்குப் பொருளாதாரத்தில் ‘சிலந்தி வலை’ என்று வேறு பெயர் உண்டு. 1934-இல் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் வைத்த பெயர் அது. ஒன்று ஆர்டர் தகவலின் சிக்கல், மற்றது நடவு முடிவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தின் சிக்கல். முதலாவதற்கு விற்பனைத் தகவலைப் பகிர்வது மருந்தாகலாம். இரண்டாவதற்கு அது பெரிதாக உதவாது. நோயைப் பெயர் மாற்றிச் சொன்னால் பரிந்துரையும் தடம் மாறிவிடும்.

தரவைப் பற்றி ஒரு சொல். கிழங்கின் மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்துத்தான் ஆலைகள் விலை பேசுகின்றன. பாயிண்ட்டைக் குறிக்காமல் டன் விலையின் ஆண்டுச் சராசரியை மட்டும் போட்டு எழுதும் பகுப்பாய்வு, தரத்தையும் விலையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

சட்டங்களைச் செய்தித் தலைப்புகளிலிருந்து படிப்பது இப்போது பரவலான தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறையில் காபியும் உண்டு. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே விற்பனைக்குப் போகக் கூடாது. விளைந்த நிலத்தின் புவியிடக் குறிப்பை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைத் தர வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் ஒற்றைப் புள்ளி போதாது, எல்லைக்கோடே வேண்டும். ‘தரச் சான்றிதழ் வாங்கினால் போதும்’ என்று எழுதுகிறார்கள். சான்றிதழ் துணை ஆதாரமாகலாமே தவிர, இந்தக் கடமைக்கு ஈடாகாது. அமலாகும் நாளும் தள்ளிப்போடப்பட்டிருப்பதால், பழைய கட்டுரையை நம்பாமல் மூலச் சட்டத்தையே பார்க்க வேண்டும். இறக்குமதியாகும் பொருளின் கார்பன் உமிழ்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விலை வைக்கும் எல்லைக் கார்பன் ஏற்பாடு எஃகுக்கும் உண்டு, அதிலும் இதே குழப்பம்: உமிழ்வுக்கு ஈடான கார்பன் சான்றுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவர் ஐரோப்பிய இறக்குமதியாளர், இங்குள்ள ஏற்றுமதியாளர் அல்லர். இவரிடம் கேட்கப்படுவது உமிழ்வுத் தரவு. அது இல்லாதபோது விலைப் பேரத்தில்தான் அடி விழும்.

மனிதர்களைத் தணிக்கை அறிக்கை வழியாக மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆலைகளில் சில அதற்கு முன்பே தொழிலாளர் நிலையைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை செய்யப்பட்டவை. சேலத்து வெள்ளிக் கொலுசுத் தொழிலில் பல வேலைகள் பட்டறைகளிலும் வீடுகளிலும் கூலிக்கு நடக்கின்றன. கடைக்காரரிடம் மட்டும் வினாப்பட்டியலை நிரப்பிவிட்டு ‘தொழிலாளர் நிலை திருப்தி’ என்று எழுதும் மாணவர், சங்கிலியின் முதல் கண்ணியைத் தாண்டவே இல்லை. முதலாளியோ தரகரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்ட பதிலையும் அப்படியே நம்ப முடியாது.

கடைசியாக, நாட்காட்டி. பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டுப் பருவம் ஜனவரி வாக்கில் தொடங்குகிறது. சேர்வராயன் மலையில் அரபிகா காபிப் பழம் பறிப்பதோ பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. தலைப்பை முடிவு செய்து, வழிகாட்டியின் கையொப்பம் வாங்கி, மே மாதத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகிறவருக்கு ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம் கிடைக்கும். பழம் அரைக்கும் இயந்திரம் ஓடாது, பறிக்கும் ஆட்களும் இருக்கமாட்டார்கள். கள ஆய்வை முந்தைய பருவத்திலேயே, முறையான அனுமதியோடு, நவம்பரில் தொடங்கிவிடுவது நல்லது.