வளிமண்டலத்தில் வேதிப்பொருள் பரவல்: இணைக் கணிப்பில் ஒரு சிறு மாதிரியை எழுதுவது எப்படி?

வளிமண்டலத்தில் ஒரு வேதிப்பொருள் எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது, வழியில் எவ்வளவு அழிகிறது என்பதைக் கணக்கிடும் மாதிரிகள், வேலையைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டே இயங்குகின்றன. ஜியோஸ்-கெம் போன்ற பெரிய மாதிரியை எடுத்த எடுப்பில் நிறுவுவதைவிட, நூறு வரிக்குள் அடங்கும் சிறு மாதிரி ஒன்றை நாமே எழுதிப் பார்த்தால், பங்கீட்டில் சிக்கல் எங்கே வரும் என்பது விளங்கிவிடும். பைத்தான் ஓரளவு தெரிந்து, நம்பை (எண் அணிகளைக் கையாளும் நூலகம்), எம்பிஐ4பை (தனித்தனியே ஓடும் நிரல் பிரதிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற உதவும் எம்பிஐ முறையைப் பைத்தானில் தரும் நூலகம்) ஆகிய இரண்டும் கணினியில் இருந்தால் போதும்.

முதல் படி: பொருளும் இடமும்

பொருளாக ரேடான்-222 வாயுவை எடுத்துக்கொள்வோம். நிலத்திலிருந்து கசியும் இது, எதனோடும் வினைபுரியாது; மழையிலும் கரைந்து போய்விடாது; 3.8 நாள் அரைவாழ்வுக் காலத்தோடு கதிரியக்கத்தால் மட்டுமே குறையும். காற்றோட்டக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கப் பெரிய மாதிரிகளும் இதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

இடமாக 60 பாகை வட அட்சக்கோட்டை ஒரு வளையமாகக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். அதை 360 கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 55.6 கிலோமீட்டர். மேற்கிலிருந்து கிழக்காக நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று சீராக வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: காலப்படியும் கணக்கும்

கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் கால அளவே காலப்படி. ஒரு காலப்படிக்குள் காற்று ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 30 நிமிடத்தில் காற்று 36 கிலோமீட்டர் நகரும். அதைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.65 வரும். இதற்குக் கூரன்ட் எண் என்று பெயர். காலப்படியை ஒரு மணி நேரமாக்கினால் இந்த எண் 1.3 ஆகிவிடும், சில பத்துப் படிகளுக்குள் செறிவு எதிர்மறையாகவும் மாபெரும் எண்களாகவும் வெடித்துச் சிதறும். வேண்டுமென்றே ஒருமுறை அப்படி ஓட்டிப் பாருங்கள், பிறகு மறக்காது.

கணக்கு எளியது. மேற்குப் பக்கத்துக் கட்டத்தின் செறிவிலிருந்து தன் செறிவைக் கழித்து, வருவதைக் கூரன்ட் எண்ணால் பெருக்கி, தன் பழைய செறிவோடு கூட்ட வேண்டும். அதன்பின் கதிரியக்க இழப்புக்காக 0.9962 ஆல் பெருக்க வேண்டும். இந்த முறை கூர்மையான முகட்டை மழுக்கிவிடும் என்பது உண்மை. பெரிய மாதிரிகள் இதைவிட நுட்பமான முறைகளைக் கையாள்கின்றன. பங்கீட்டைக் கற்க இதுவே போதும்.

மூன்றாம் படி: நான்கு பிராசஸ்களுக்குப் பங்கிடுதல்

பிராசஸ் என்பது தனி நினைவகத்தோடு ஓடும் நிரலின் ஒரு பிரதி. முதலில் ஒரே பிராசஸில் ஓடும் நிரலை எழுதி முடித்து, அதன் விடையைக் கோப்பில் சேமித்துவிடுங்கள். இனி 360 கட்டங்களை நான்காகப் பிரித்தால், ஒவ்வொரு பிராசஸுக்கும் 90 கட்டங்கள். ஆனால் ஒவ்வொன்றும் 92 இடம் கொண்ட அணியை வைத்திருக்க வேண்டும். இரு ஓரங்களிலும் உள்ள கூடுதல் இடங்கள், பக்கத்து பிராசஸின் ஓரக் கட்டத்தை நகலெடுத்து வைப்பதற்கானவை. இவற்றை ஹேலோ என்பார்கள். இப்போது காற்று மேற்கிலிருந்து மட்டுமே வீசுவதால் ஒரு பக்கம் போதும் என்றாலும், திசை மாறும் காற்றைச் சேர்க்கும்போது இரண்டும் தேவைப்படும்.

ஒவ்வொரு காலப்படியின் தொடக்கத்திலும் இந்த ஓரங்களைப் புதுப்பிக்க வேண்டும். நம் களம் வளையம் என்பதால், 0 எண் பிராசஸின் மேற்குப் பக்கத்தவர் 3 எண் பிராசஸ். இங்கே ஒரு பொறி உண்டு. எல்லாப் பிராசஸ்களும் முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பெறுமாறு எழுதினால், செய்தி சிறியதாக இருக்கும்வரை எம்பிஐ அதை இடைநினைவில் வாங்கி வைத்துக்கொள்வதால் நிரல் ஒழுங்காக ஓடுவதுபோல் தோன்றும். அதே நிரலில் உயர அடுக்குகளையும் பல சேர்மங்களையும் சேர்த்ததும், பெறுபவர் தயாராகும்வரை அனுப்புபவர் காத்திருக்க, எல்லாரும் ஒருவருக்கொருவர் காத்து நின்று நிரல் உறைந்துபோகும். பிழைச் செய்திகூட வராது. ஆகையால் அனுப்புதலையும் பெறுதலையும் ஒன்றாகச் செய்யும் சென்ட்ரிசீவ் என்ற அழைப்பையே தொடக்கத்திலிருந்து பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: சரிபார்த்தல்

வேகத்தை அளக்கும் ஆவலை இப்போதைக்கு அடக்கி வையுங்கள். நான்கு பிராசஸ்களின் துண்டுகளை ஒட்டி, முன்பு சேமித்த விடையோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கட்டமும் கடைசி இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு கட்டத்திலும் நடந்த கூட்டலும் பெருக்கலும் அதே வரிசையில்தான் நடந்தன. 90, 180 போன்ற எல்லைகளில் வேறுபாடு தெரிந்தால் ஹேலோ பரிமாற்றத்தில்தான் பிழை. மொத்த நிறையைப் பிராசஸ்களிடையே கூட்டும்போது மட்டும், கூட்டும் வரிசை மாறுவதால், கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம், அது பிழையல்ல.

இன்னொரு சோதனை: வளையத்தை ஒருமுறை சுற்றிவரக் காற்றுக்கு ஏறத்தாழ 11.6 நாள், அதாவது 556 காலப்படிகள் ஆகும். இது மூன்று அரைவாழ்வுக் காலத்தைவிடச் சற்று அதிகம். புதிய உமிழ்வு இல்லாவிட்டால், அப்போது தொடக்க நிறையில் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேகம்

இந்தச் சிறு வளையத்தில் நான்கு பிராசஸ்கள் ஒன்றைவிட மெதுவாகவே ஓடக்கூடும். 90 கட்டங்களைக் கணக்கிடுவதைவிடச் செய்தி அனுப்பவே அதிக நேரம் பிடிக்கும். இருபரிமாணத்தில் பார்த்தால் காரணம் தெளிவாகும். 90க்கு 90 கட்டங்கள் கொண்ட பகுதியில் 8,100 கட்டங்களுக்கு 360 ஓரக் கட்டங்களே பரிமாறப்படுகின்றன. அதையே 10க்கு 10 துண்டுகளாக நறுக்கினால், 100 கட்டங்களுக்கு 40.

வேதிவினைகளைக் கணக்கிடும் பகுதிக்கோ பக்கத்துக் கட்டமே தேவையில்லை. ஆனாலும் அங்கே வேலை சமமாக இராது; சூரியன் உதிக்கும், மறையும் பகுதிகளில் செறிவுகள் சட்டென மாறுவதால், அங்குள்ள கட்டங்களுக்குத் தீர்வு காணக் கூடுதல் உட்படிகள் தேவைப்படும். அந்தப் பகுதி கையில் சிக்கிய பிராசஸுக்காக மற்றவை சும்மா காத்திருக்கும்.

இவ்வளவும் கைவந்தபின் ஜியோஸ்-கெம்மின் இணைக் கணிப்புக்கான ஜிசிஎச்பி பதிப்புக்குப் போகலாம். அது உலகை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களாகப் பிரிப்பதால், கோர்களின் (செயலிகளின் உள்ளே இருக்கும் கணிப்பு அலகுகளின்) எண்ணிக்கை ஆறின் மடங்காக இருக்க வேண்டும். சி24 என்ற தொடக்கநிலைத் தெளிவில் (கட்டங்களின் நுணுக்க அளவில்) முகத்துக்கு 24க்கு 24 செங்குத்துத் தூண்கள், ஒவ்வொன்றிலும் 72 உயர அடுக்குகள். ஒரு கோருக்குக் குறைந்தது 4க்கு 4 தூண்கள் வேண்டும் என்பதால், இந்தத் தெளிவில் 216 கோர்களுக்கு மேல் கேட்டுப் பயனில்லை.