புயல் நிவாரணமும் ஐ-94 தாளும்: அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு புயல் கடந்த பிறகும் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும்: ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பணம் தருகிறது, எல்லாரும் விண்ணப்பியுங்கள். 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனை இருட்டில் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஹெலீனும், அக்டோபரில் மில்டனும் ஃபுளோரிடாவை அடுத்தடுத்துப் புரட்டின. இந்த ஊர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விசாவில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்தச் செய்தியில் இருக்கும் "எல்லாரும்" என்ற சொல்தான் ஆபத்து. ஃபீமா மனுவைத் திறப்பதற்கு முன் வீட்டில் ஒவ்வொருவரும் எந்த நிலையில் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை, நாட்டுக்குள் எதுவரை இருக்கலாம் என்று சொல்லும் ஐ-94 நுழைவுப் பதிவை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. புயல் நேரத்தில் இந்த இரண்டு தாள்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பது. ஃபீமாவின் பண உதவி அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதி அல்லது அடைக்கலம் பெற்றவர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும். எச்-1பி, எல்-1 (வேலை), எச்-4 (எச்-1பி குடும்பத்தினர்), எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) விசாக்களில் இருப்பவர்களுக்கு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் பதினைந்து வருடமாக நின்றாலும், ஐ-140 (நிறுவனம் போட்ட கிரீன் கார்டு மனு) ஒப்புதல் கையில் இருந்தாலும், கார்டு வரும்வரை இல்லைதான்.

தவறு நடப்பது விண்ணப்பத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு கேள்வியில். நீங்கள் குடிமகனா, அல்லது தகுதி பெற்ற வெளிநாட்டவரா என்று கேட்பார்கள். "முறையாக விசா வாங்கி, வரி கட்டித்தானே இருக்கிறோம், அப்படியென்றால் தகுதி இருக்கத்தானே செய்யும்" என்று நினைத்துப் பலர் ஆம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் "தகுதி" சட்டத்தில் வரையறுத்த சொல். முறையாக இருப்பது வேறு, அந்தப் பட்டியலில் இருப்பது வேறு. இதில் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டு போடும் கையெழுத்து. அதிலும் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் விவகாரம் உதவிப் பணத்தோடு முடியாது. பொய்யாகக் குடியுரிமை கோரியது பதிவில் ஏறினால் பின்னாளில் கிரீன் கார்டே கிடைக்காமல் போகலாம். மற்ற பல பிழைகளுக்கு இருப்பதுபோல இதற்குப் பொதுவான மன்னிப்பு மனுவும் கிடையாது. தெரியாமல் செய்திருந்தால் விசாரித்துக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தை உடனே திரும்பப் பெற்று, பணம் வந்திருந்தால் தொடாமல் வைத்து, குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் சம அளவில் நடக்கிறது. "நமக்குக் கிடையாது" என்று முடிவுகட்டி, இங்கே பிறந்த குழந்தையை மறந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட குழந்தை அமெரிக்கக் குடிமகனாக இருந்து, சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால், அந்தக் குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். தகுதி குழந்தையுடையது. பெற்றோர் எச்-1பி, எச்-4 ஆக இருப்பது தடையில்லை. ஆனால் உறுதிமொழித் தாளில் குழந்தையின் சார்பில் கையெழுத்திடுகிறேன் என்ற கட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னைப் பற்றிய கட்டத்தில் கை போய்விடக் கூடாது. இணையத்தில் அவசரமாக நிரப்புவதைவிட 1-800-621-3362 என்ற எண்ணில் பேசியோ, பேரிடர் மீட்பு மையத்துக்கு நேரில் போயோ செய்வது இந்த ஒரு விஷயத்தில் பாதுகாப்பு. தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கத் தயங்க வேண்டாம்.

குழந்தையும் இல்லை, கார்டும் இல்லை என்றால் தங்குமிடம், உணவு, தண்ணீர், மனநல ஆலோசனை, இலவசச் சட்ட உதவி போன்றவை நிலை பார்க்காமல் கிடைக்கும். இன்னொன்றைப் பலர் தவறவிடுகிறார்கள்: கூட்டரசு பேரிடராக அறிவித்த பகுதியில், காப்பீடு ஈடுகட்டாத இழப்பை வருமான வரியில் 4684 படிவம் வழியாகக் கழித்துக் காட்டலாம். வேண்டுமானால் முந்தைய ஆண்டின் வரிக் கணக்கிலேயே காட்டலாம். வரி கட்டும் எச்-1பி குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

இனி விண்ணப்பத்தில் வழுக்கும் இடங்கள்.

புயல் அடித்தாலே பணம் வந்துவிடாது. குடியரசுத் தலைவர் பேரிடராக அறிவித்து, அதில் உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) தனிநபர் உதவிக்கான பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்துக் கவுண்டி நண்பருக்குப் பணம் வந்ததே என்று சண்டை போட்டுப் பயனில்லை. அறிவித்த நாளிலிருந்து பொதுவாக 60 நாள் அவகாசம். பல நேரம் நீட்டிப்பார்கள், ஆனால் நீட்டிப்பை நம்பி உட்கார வேண்டாம்.

முகவரியில் இரண்டு கட்டங்கள் உண்டு: சேதமான வீட்டின் முகவரி, இப்போது இருக்கும் முகவரி. ஹோட்டலில் உட்கார்ந்து நிரப்பும்போது ஹோட்டல் முகவரியையே இரண்டிலும் போட்டுவிட்டால், கணினி உங்களை அந்த வீட்டில் வசிக்காதவர் என்று தள்ளிவிடும். அபார்ட்மென்ட் எண்ணை விட்டுவிடுவதும் இதே வகை.

ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம். கணவன் கைபேசியில் ஒன்று, மனைவி கணினியில் ஒன்று என்று போட்டால் இரண்டும் முடங்கும். அறைத் தோழர்கள் விஷயம் வேறு. உறவில்லாமல் ஒரே வீட்டைப் பங்கிட்டு இருப்பவர்கள் தனித்தனிக் குடும்பங்கள் என்று லீஸை (வாடகை ஒப்பந்தத்தை) காட்டி நிறுவினால், தகுதியுள்ளவர் தனியாக விண்ணப்பிக்கலாம். லீஸில் ஒருவர் பெயர் மட்டும் எழுதி மற்ற மூவர் வாய்மொழியாகத் தங்குவது நம் பிள்ளைகளின் வழக்கம். புயல் வந்த பிறகு அதன் விலை தெரியும்.

காப்பீடு இருந்தால் முதலில் அங்கே. காப்பீடு ஏற்கும் செலவுக்கு ஃபீமா மறுபடி பணம் தரச் சட்டம் விடாது. காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுத்தது அல்லது மறுத்தது என்ற கடிதத்தை அனுப்பாத வரை கோப்பு நகராது. சாதாரண வீட்டுக் காப்பீடு கூரை பிய்ந்ததைப் பார்க்கும், தெருவிலிருந்து உள்ளே வந்த வெள்ளத்தைப் பார்க்காது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும், அதுவும் பொதுவாக வாங்கிய 30 நாள் கழித்துத்தான் உயிர்பெறும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் சின்னம் உருவான பிறகு வாங்குவது வீண்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவருக்கும் கூரைக்கும் கேட்க முடியாது, அது வீட்டுக்காரர் பாடு. துணிமணி, மெத்தை, வேலைக்கான கணினி, தற்காலிக வாடகை இவற்றுக்குக் கேட்கலாம். ஜெனரேட்டர் வாங்கிய ரசீதை நீட்டுபவர்கள் அதிகம். மருத்துவக் கருவி ஓடுவதற்குத் தேவைப்பட்டது என்று மருத்துவர் சொன்னால்தான் அது ஏற்கப்படும், குளிர்சாதனப் பெட்டியைக் காப்பாற்றியதற்கு இல்லை. உடனடித் தேவைக்கான தொகை 2024 நிதியாண்டில் 750 டாலர், அடுத்த ஆண்டில் 770. ஒவ்வொரு அக்டோபரிலும் விலைவாசியை ஒட்டி மாறும்.

சுத்தம் செய்ய ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈரச் சுவரைப் பூஞ்சை பிடிக்க விடுவதுதான் பெரிய நஷ்டம். தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் தெரியும்படியும், பொருள்களின் மாடல் எண் தெரியும்படியும் படம் எடுத்துவிட்டு அள்ளிப் போடுங்கள். ரசீதுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருங்கள். ஆய்வாளர் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார். மோசடி அழைப்பு என்று துண்டித்துத் துண்டித்தே கோப்பு மூடப்பட்டவர்கள் உண்டு. உண்மையான ஆய்வாளரிடம் உங்கள் ஒன்பது இலக்க விண்ணப்ப எண் ஏற்கெனவே இருக்கும், அதை உங்களிடம் கேட்க மாட்டார். பணம் கேட்டால் அவர் ஃபீமா ஆள் இல்லை.

"தகுதியில்லை" என்ற கடிதம் வந்தால் முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு காகிதம் குறைகிறது என்பதுதான் உள்ளே இருக்கும். கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு. அனுப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணும் பேரிடர் எண்ணும் எழுத வேண்டும்.

நமக்கென்றே ஒரு தனிச் சிக்கல் பெயரில் இருக்கிறது. முருகேசன் என்று ஒற்றைப் பெயரோடு, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகப் பாஸ்போர்ட் எடுத்தவருக்கு, அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். ஓட்டுநர் உரிமத்தில் அது ஒருவிதம், சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்னொரு விதம், மின்கட்டண ரசீதில் அப்பா பெயரும் சேர்ந்து வேறொரு விதம். ஃபீமா கணினி பெயரையும் எண்ணையும் பொருத்திப் பார்த்து, அடையாளம் உறுதியாகவில்லை என்று சொல்லிவிடும். இப்போது கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தாலும் பழைய எஃப்என்யு துரத்தும். விண்ணப்பத்தில் பெயரைச் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எழுதி, அட்டை நகலையும் பழைய பெயரைக் காட்டும் சான்றையும் சேர்த்து அனுப்புவதே வழி. ஐ-94 தளத்தில் பதிவு இல்லை என்று வந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முதற்பெயர்க் கட்டத்தில் எஃப்என்யு போட்டுப் பாருங்கள், பிறகு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

ஐ-94 என்பது 2013 முதல் விமானத்தில் வருபவர்களுக்குக் காகிதமாக இல்லை, சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் இருக்கும் மின்பதிவு. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதி கதவைத் தட்டும் உரிமை எதுவரை என்பதைச் சொல்லும். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 சொல்லும். பத்து வருட விசா இருக்கிறதே என்று ஐ-94 தேதி தாண்டி அம்மா அப்பாவை ஏழாவது மாதமும் வைத்துக்கொள்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எச்-1பி குடும்பங்களில் இன்னொரு பொறி. வேலை அனுமதி 2028 வரை இருந்தாலும், பாஸ்போர்ட் அதற்கு முன் முடிந்தால் அதிகாரி பாஸ்போர்ட் முடியும் தேதியையே ஐ-94-இல் போட்டுவிடலாம். கணவனுக்கு ஒரு தேதி, மனைவிக்கு ஒன்று, எச்-4 பிள்ளைக்கு இன்னொன்று என்று அமைவதும் அப்படித்தான். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டிலேயே முடியும் என்பதால் அவர்கள் பதிவை மறக்காமல் பாருங்கள். வந்து இறங்கிய ஓரிரு நாளில் எல்லோருடையதையும் இறக்கிப் பிடிஎஃப் ஆக வையுங்கள். அதிகாரி செய்த பிழையானால், விமான நிலையங்களில் இருக்கும் "டிஃபர்டு இன்ஸ்பெக்ஷன்" அலுவலகம் கட்டணமின்றித் திருத்தும், வந்திறங்கிய நிலையத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. பாஸ்போர்ட்டால் குறைந்த தேதி பிழைக் கணக்கில் வராது. புதிய பாஸ்போர்ட் எடுத்துவிட்டு வெளியே போய் வருவதோ, முறைப்படி நீட்டிப்பு கேட்பதோதான் வழி.

    

புயல் இந்தக் கணக்கையெல்லாம் கலைக்கிறது. வீடு மூழ்கி வேறு அபார்ட்மென்ட்டுக்குக் குடிபோனால், குடிமக்கள் அல்லாதவர் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகப் புதிய முகவரியைக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-க்குத் தெரிவிக்க வேண்டும். ஃபீமாவிடம் சொன்னதும் தபால் நிலையத்தில் சொன்னதும் இதற்கு ஈடாகாது. நிலுவையில் இருக்கும் வேலை அட்டையோ நீட்டிப்புக் கடிதமோ மூழ்கிய வீட்டின் தபால் பெட்டியைத் தேடிப் போய்த் திரும்பிவிடும்.

பெற்றோர் பி-2-இல் வந்திருக்கிறார்கள், ஐ-94 இந்த வாரம் முடிகிறது, விமான நிலையத்தைப் புயலுக்காக மூடிவிட்டார்கள் என்றால் "இயற்கைச் சீற்றம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று விடாதீர்கள். ஒரு நாள் கூடினாலும் அந்த விசா செல்லாததாகிவிடும் என்பதே சட்டம். நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானம் மறுநாள் கணக்கு என்பதையும் டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். இணைய இணைப்பு இருந்தால் தேதி முடியுமுன் ஐ-539 நீட்டிப்பு மனுவைப் போட்டுவிடுங்கள். மின்சாரமும் இல்லாமல் தேதி தாண்டிவிட்டால், கைமீறிய சூழல் என்று விளக்கித் தாமதமாகவும் போடலாம், ஆனால் தாமதம் அந்தச் சூழலுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். மூன்று நாள் மின்தடைக்கு மூன்று மாதத் தாமதத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். விமானம் ரத்தான மின்னஞ்சல், மறுபதிவு செய்த டிக்கெட், விமான நிலையம் மூடிய அறிவிப்பு, கடைசியில் பறந்த நாளின் போர்டிங் பாஸ், சென்னையில் போட்ட வருகை முத்திரை இவை ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டு அப்பாவிடம் ஒரு பிரதி கொடுத்தனுப்புங்கள். அடுத்த விசா நேர்காணலில் அவர்தான் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.